ஐஸ் கரைந்த பெட்டி

உசிலம்பட்டிப் பக்கத்துக் கைக்குழந்தை அது. இரண்டு கண்ணிலும் புரை. கர்ப்பத்தில் தாய்க்கு வந்தால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் ரூபெல்லா வைரஸாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்ததால் மாதிரி எடுக்க நான் போயிருந்தேன்.

"முழுகாம இருந்த மூணாம் மாசத்துல இவளுக்கு லேசா அம்மை போட்டுச்சு தம்பி. மூணு நாள்ல இறங்கிருச்சு, தலைக்குத் தண்ணி ஊத்திட்டோம்" என்றார் பாட்டி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசி போட்டது 9 மாதம் முதல் 15 வயது வரை. தாய்க்கு அப்போதே 17.

ரத்தமும் தொண்டைச் சளியும் எடுத்தேன். தெர்மோகோல் பெட்டியில் நான்கு ஐஸ் பேக் வைத்திருக்க வேண்டும், இரண்டுதான் வைத்தேன். மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்பது மறந்தே போனது. செக்கானூரணி தாண்டியதும் பஸ் நகரவில்லை. ஆரப்பாளையத்தில் இறங்கிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பை வெதுவெதுவென்று இருந்தது.

ரத்தம் தப்பித்தது. ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் பாசிட்டிவ், ரூபெல்லாதான். எதிர்ப்பொருள் கொஞ்சம் சூட்டைத் தாங்கும்; சளியில் இருக்கும் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. தாங்காது. அதைத் தேடும் பி.சி.ஆர். சோதனையின் ஜெல்லில் மற்ற வரிசைகளில் கோடு பளிச்சென்று நிற்க, எங்கள் குழந்தையின் வரிசை காலி.

நோய் என்னவென்று ரத்தம் சொல்லும், எந்த வழியில் வந்த வைரஸ் என்பதைத் தொண்டைச் சளிதான் சொல்லும். ரூபெல்லாவின் ஆர்.என்.ஏ.யில் சுமார் 9,800 எழுத்துகள். வகை பிரிக்க இ1 மரபணுவில் 739 எழுத்துகளைப் படித்தால் போதும். உலகம் முழுக்க 13 வகைகள். 1சி அமெரிக்கக் கண்டத்தோடு நின்றது, தடுப்பூசி வந்தபின் காணாமலே போனது. 1இ-யும் 2பி-யும் கண்டம் விட்டுக் கண்டம் பரவியவை. ஊசியில் இருப்பதோ 1ஏ. ஆனாலும் எல்லா வகைக்கும் அந்த ஒரே ஊசி போதும், அந்த மட்டுக்கும் நல்ல வைரஸ்.

நல்லவேளை, இப்படிப் பிறக்கும் குழந்தைகளின் தொண்டையில் வைரஸ் பல மாதம் இருக்கும், சிலருக்கு ஒரு வருடம் வரைகூட. அடுத்த வாரம் விடியற்காலை பஸ்ஸில் மறுபடி போனேன். நான்கு ஐஸ் பேக்.

"இன்னும் எதுக்கு தம்பி எடுக்குறீங்க?"

"இது எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்கணும் பாட்டி."

"வந்தது வந்திருச்சு. இனி எங்கிருந்து வந்தா என்ன? பிள்ளைக்குக் கண்ணு தெரியுமா, அதைச் சொல்லுங்க."

ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்றேன். குச்சியைத் தொண்டையில் விட்டதும் பிள்ளை வீறிட்டது.

இந்த முறை 739 எழுத்தும் முழுசாக வந்தன. 2பி. இந்தியாவில் அடிக்கடி கிடைக்கிற வகைதான்.