சாவி போடும் முன் ஒரு சுற்று

15 வருடம் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டியவள் நான். சாவியைப் போடுவேன், பட்டனை அமுக்குவேன், கிளம்பிவிடுவேன். டயரில் காற்று குறைந்தது பஞ்சர் ஆனால்தான் தெரியும், பல்பு போனது பின்னால் வருகிறவர் கத்தினால்தான் தெரியும். 42 வயதில் கியர் வண்டி கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு 5 நாள் வகுப்பில் சேர்ந்தேன். ஓட்டத் தெரிந்தவள்தானே, கியர் மட்டும் பழகினால் போதும் என்ற நினைப்புடன்தான் போனேன்.

முதல் நாள் மைதானத்தில் ஒரே ஒரு வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்றது. நாங்கள் நான்கு பேர். மாஸ்டர் சொன்னார்: "இந்த வண்டியில 6 கோளாறு பண்ணி வச்சிருக்கேன். 10 நிமிஷம் தர்றேன், கண்டுபிடிங்க. ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காட்சியில் பொருள் பார்ப்பதுபோல வண்டியைச் சுற்றி வந்தோம். வலது கண்ணாடி வானத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது, அதைச் சொன்னோம். எங்களில் சின்னவன், கல்லூரி மாணவன், ஹேண்டில்பாரில் இருந்த சிவப்பு கில் சுவிட்ச், அதாவது எஞ்சினை அணைக்கும் சுவிட்ச், ஆஃப் நிலையில் இருப்பதைப் பார்த்துவிட்டான். ஒருவர் முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கி "காத்து இருக்கு" என்றார். நான் டேங்கில் இருந்த ஒரு கீறலைச் சொன்னேன். மாஸ்டர் சிரிக்கவில்லை. "அது அழகு சம்பந்தப்பட்டது" என்றார்.

6இல் 2. மற்ற நான்கையும் அவரே காட்டினார். பெட்ரோல் குழாய் மூடியிருந்தது. பழைய கார்புரேட்டர் வண்டி அது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடி, நட்டநடுச் சாலையில் நின்றிருக்குமாம். கிளட்ச் கேபிள் தளர்வே இல்லாமல் முறுக்கப்பட்டிருந்தது. முன் பிரேக் பிடித்தால் பின்னால் பிரேக் விளக்கு எரியவில்லை. கடைசியாகக் காற்றழுத்த மானியை முன் டயரில் வைத்தார். 25 இருக்க வேண்டிய இடத்தில் 15 பிஎஸ்ஐ. கட்டைவிரலால் அமுக்கியவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணால பாத்தீங்க, கையால பாக்கல" என்றார் மாஸ்டர். அடுத்த இரண்டு மணி நேரமும் நிற்கிற வண்டியோடுதான். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவளை ஸ்க்ரூ எண்ண வைக்கிறாரே என்று.

அவர் ஒரு வரிசை வைத்திருந்தார். டயர், கைகால் படும் பாகங்கள், விளக்குகள், ஆயில், வண்டியின் உடம்பு, ஸ்டாண்டு. தன் சொந்தச் சரக்கு இல்லை, அமெரிக்காவின் மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் சொல்லிக்கொடுக்கும் 'டி-க்ளாக்ஸ்' பட்டியல்தான் அது என்று அவரே சொன்னார். வரிசை எதுவானாலும் பரவாயில்லையாம், ஆனால் தினமும் அதே வரிசை வேண்டும். அப்போதுதான் நடுவில் யாராவது கூப்பிட்டு விட்ட இடம் மறந்தாலும் எது பாக்கி என்று கைக்கே தெரியும்.

டயரில் அவர் நின்ற நேரம் அதிகம். கையை நம்பக் கூடாத ஒரே இடம் அதுதான் என்றார். 15க்கும் 25க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது, மானி வேண்டும். அதையும் வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடேறாதபோது பார்க்க வேண்டும். ஓடிய பிறகு அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் தேவைக்குக் கீழே போய்விடும். எவ்வளவு வேண்டும் என்பதை டயரின் பக்கவாட்டில் தேடாதீர்கள். அங்கே அச்சிட்டிருப்பது டயர் தாங்கும் உச்ச அழுத்தம். வண்டிக்கு வேண்டியது செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ வண்டியோடு வந்த கையேட்டிலோ இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு வேறு எண். இத்தனை வருடம் முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்து ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிக் காற்று அடித்துக்கொண்டிருந்தவள் நான், அமைதியாகக் கேட்டுக்கொண்டேன்.

டயருக்கு வயது உண்டு என்பதும் அன்றுதான் தெரிந்தது. பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டியதுதான்.

இரண்டாம் நாள் ஓட்ட விட்டார்கள். அதற்கு முன், எஞ்சினை அணைத்து வைத்து எல்லாவற்றையும் ஒருமுறை தொடச் சொன்னார். வலது கையில் ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும், வலது காலில் பின் பிரேக். இடது கையில் கிளட்ச், இடது காலில் கியர். பழைய பிரிட்டிஷ் வண்டிகளிலும் பழைய புல்லட்டிலும் கியர் வலது காலில் இருந்தது, ஆகவே எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் கியர் எந்தக் காலில் இருக்கிறது என்று பாருங்கள் என்றார். எனக்குச் சிக்கல் கையில்தான் வந்தது. ஸ்கூட்டரில் இடது லீவர் பின் பிரேக். 15 வருடப் பழக்கம். எதிரே ஒரு தடுப்புக் கூம்பு வந்ததும் இடது கை தானாக இறுகியது. கிளட்ச்சைப் பிடித்தால் வண்டி எஞ்சினிலிருந்து விடுபட்டு உருளும், நிற்காது. கூம்பின் மேல் ஏறி, அதையும் இழுத்துக்கொண்டு பத்தடி போய்த்தான் கால் ஞாபகம் வந்தது.

"அக்கா, கூம்புக்கு ஒண்ணும் ஆகல" என்றான் அந்தப் பையன்.

அன்றிலிருந்து நான் ஒரு காரியம் செய்கிறேன். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் எஞ்சினை உயிர்ப்பிக்கும் முன், வாயால் "பிரேக்" என்று சொல்லிக்கொண்டே வலது கையையும் வலது காலையும் அழுத்துவேன். மூன்று முறை. பார்ப்பவர்களுக்கு நான் மந்திரம் சொல்வதுபோல் இருக்கும். இருக்கட்டும். அந்த அழுத்தத்திலேயே பிரேக் பரிசோதனையும் முடிந்துவிடுகிறது. டிஸ்க் பிரேக் லீவர் கெட்டியாக நிற்க வேண்டும், பஞ்சுபோல் அமுங்கிக்கொண்டே போனால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. டிரம் பிரேக் மிதி கொஞ்ச தூரம் சும்மா இறங்கி அப்புறம் பிடிக்க வேண்டும். பல வண்டிகளில் அது 20 முதல் 30 மில்லிமீட்டர்.

கிளட்ச் லீவரிலும் அதேபோல் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கித் தேயும், ஆட்டம் கூடினால் கியர் விழ அடம்பிடிக்கும். ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால் 'டப்' என்று தானாகத் திரும்ப வேண்டும். எஞ்சின் ஓடும்போது நியூட்ரலில் ஹேண்டில்பாரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒடித்துப் பார்க்கச் சொன்னார். ஒடிக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறினால் எங்கோ கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். திருப்பத்தில் வண்டி தானாக வேகம் எடுப்பதை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

விளக்குகள் சுலபம், ஒன்றைத் தவிர. பிரேக் விளக்குக்கு இரண்டு சுவிட்ச், லீவருக்கு ஒன்று, மிதிக்கு ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். துணைக்கு ஆள் இல்லையென்றால் வண்டியின் பின்புறத்தைச் சுவருக்கு நேராக நிறுத்திச் சுவரில் சிவப்பு விழுகிறதா என்று பார்த்தால் போதும்.

ஓட்டப் பழகியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளட்ச்சை விடும்போது வண்டி முன்னால் போகத் துடிக்கும் அந்த இடத்தைப் பிடிக்க இரண்டு நாள் ஆனது, முப்பது தடவையாவது எஞ்சினை அணைத்தேன். நான்காம் நாள் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி போய்விட்டது என்று நானே தீர்ப்பு சொல்லிவிட்டேன். கில் சுவிட்ச். முதல் நாளே பார்த்த அதே கில் சுவிட்ச்.

ஐந்தாம் நாள் திரும்பவும் 6 கோளாறு. இம்முறை நால்வரும் மண்டியிட்டோம், இழுத்தோம், அமுக்கினோம், ஆட்டினோம். முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி ஹேண்டில்பார் பேரிங் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தது நான்தான், இதை எழுதாமல் இருக்க முடியாது. 5 கிடைத்தது. ஆறாவது பின் பிரேக் கம்பி, மிதியையும் பின் சக்கரத்துப் பிரேக்கையும் இணைப்பது. அதன் நுனியில் இருக்கும் நட்டை அவர் இறுக்கி விட்டிருந்தார். மிதியில் ஆட்டமே இல்லை, பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருந்தது. "மிதியக் கையால அமுக்கினீங்க, உங்க கைக்குப் பலம் பத்தல, கெட்டியா இருக்குன்னு விட்டுட்டீங்க. ஸ்டாண்டை எடுத்து நாலு அடி தள்ளியிருந்தா வண்டியே சொல்லியிருக்கும்" என்றார்.

அதன் பிறகு சொந்த வண்டி வந்தது. முதல் வாரமே ஒரு கூத்து. எஞ்சின் பக்கத்தில் இருக்கும் கண்ணாடித் துளையில் ஆயில் அளவு பார்த்தேன். சொட்டுக்கூடத் தெரியவில்லை. பதறிப்போய் ஆயில் வாங்கி ஊற்றினேன். கண்ணாடி இருப்பது வலது பக்கம், வண்டி நின்றது சைடு ஸ்டாண்டில், இடது பக்கம் சாய்ந்து. ஆயில் எல்லாம் அந்தப் பக்கம் போயிருந்திருக்கிறது. சமதளத்தில் நிமிர்த்தி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். நிமிர்த்தியபோது கண்ணாடி நிறைந்து வழிந்தது. ஆயில் கூடினாலும் ஆபத்துதான், எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக ஏறி ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய்விடும். ஊற்றியதை வடித்து எடுத்தேன். ஆயிலுக்குக் குச்சி இருக்கும் வண்டிகளில் குச்சியைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பார்ப்பது நல்லது.

தினமும் எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். காற்றுக்கு மானி வைப்பது வாரம் ஒருமுறை. செயினை, கீழ்ப்பக்கத்தின் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்து 25 மில்லிமீட்டர் அளவுக்கு ஆடுகிறதா என்று பார்ப்பதும் அப்போதுதான். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடத்தில் பார்ப்பேன், ஏனென்றால் செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. எஞ்சின் அணைந்திருக்கும்போது மட்டும். ஓடும் செயினில் துணியோடு போன விரல் திரும்பி வராது. மற்றபடி தினம் ஒரு சுற்று, இரண்டு நிமிடம். புதிதாக ஏதாவது கண்டுபிடிக்கத் தேடுவதில்லை, நேற்றைய வண்டிதானா இது என்று மட்டும் பார்க்கிறேன். தரையில் நேற்றில்லாத ஆயில் பொட்டு இருக்கிறதா, லீவர் நேற்றைவிட உள்ளே போகிறதா, இவ்வளவுதான்.

அந்தச் சுற்றை ஒருநாள் விட்டேன். வண்டியை சர்வீஸ் விட்டு எடுக்கப் போயிருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வாசலுக்கே கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். "செயின் டைட் பண்ணியாச்சு மேடம்." சர்வீஸ் முடிந்த வண்டியை எதற்குப் பார்ப்பது? ஏறினேன், கிளம்பினேன்.

கொஞ்ச தூரத்திலேயே வண்டி சோம்பலாக இருந்தது. ஆக்சிலேட்டரை விட்டால் யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுப்பதுபோல் வேகம் இறங்கியது. செயின் புதிதாக இறுக்கியிருக்கிறார்கள், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். அப்புறம் தீய்ந்த வாடை. ஓரம் கட்டினேன். பின் சக்கரத்தின் டிரம் பக்கம் கையைக் கொண்டுபோனால் தொடும் முன்பே அனல் அடித்தது. மிதியைக் காலால் அமுக்கிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை.

செயினை இறுக்குவது என்றால் பின் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளுவது. சக்கரம் பின்னால் போனால் அதோடு சேர்ந்த பிரேக்கும் போகும், கம்பியின் நீளம் மாறாது, ஆகவே கம்பி இழுபட்டுப் பிரேக் பிடித்துக்கொள்ளும். செயினை இறுக்கினால் அந்த நட்டைத் தளர்த்தியே ஆக வேண்டும். சர்வீஸில் யாரோ அதை மறந்துவிட்டார்கள். வண்டியைத் தள்ளிக் கொடுத்திருந்தால் வாசலிலேயே தெரிந்திருக்கும். ஓடும் வண்டியை வாங்கிக்கொண்டதால் நான் அதைத் தள்ளவே இல்லை.

அரை மணி நேரம் ஆறவிட்டேன். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கம்பியின் நுனியில் இருந்த நட்டை விரலால் பிடித்தேன். ஸ்பேனர் தேவைப்படவில்லை, கம்பி இழுக்கும் பிரேக் நெம்புகோலை முன்னால் அழுத்தினால் நட்டு சுற்றியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சக்கரத்தைச் சுழற்றினேன், உரசியது. இன்னும் இரண்டு சுற்று. இப்போது சுழன்றுகொண்டே இருந்தது. மிதியை அமுக்கினேன், கொஞ்சம் இறங்கிப் பிடித்தது. பிரேக் விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

ஸ்டாண்டை எடுத்து, சாவியைப் போடாமல், நியூட்ரலில் பத்தடி தள்ளினேன். லேசாக உருண்டு வந்தது.