ஆடிக் காத்தும் இரண்டாம் வட்டும்

ஜூலை 16, புதன்

முக்கில் நின்ற அயனி மரம் சாய்ந்ததில் நெட் வருகிற கேபிளும் போனது. கேபிள்காரர் "நாளைக்கி பாப்போம் அண்ணே" என்கிறார். அவருடைய நாளை எது என்று இந்த ஊருக்கே தெரியும். கிணற்றடியில் மட்டும் மொபைலுக்கு ஒரு கோடு சிக்னல். அம்மைக்கு இடம் கேட்டிருக்கிற திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் தெரிய வேண்டுமே என்று போனை ஒரு பாத்திரத்துக்குள் போட்டுக் கிணற்றுத் திட்டில் வைத்திருக்கிறேன். அம்மை அதைப் பார்த்துவிட்டு, "அதிலயும் வெள்ளம் கோரப் போறியா மக்கா" என்றாள். சிரித்தாள். நல்ல நாள்தான்.

பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் 12.11 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஏற்றியாகிவிட்டது. 32 பிட் பெட்டி. அதன் டிவிடி டிரைவை நம்பாமல் இரவல் வாங்கிய யுஎஸ்பி டிரைவில் முதல் வட்டைப் போட்டு ஏற்றினேன். நெட் இல்லாமலே டெஸ்க்டாப் திரை, லிப்ரே ஆஃபீஸ் எல்லாம் வந்துவிட்டன. "வேறு வட்டு உண்டா" என்று நடுவில் கேட்டபோது இரண்டாம் வட்டையும் காட்டிவிட்டேன். இனி பக்கம் வடிவமைக்கிற ஸ்க்ரைபஸ் ஒன்று வந்தால் மாதா கோயில் மலர் வேலையைத் தொடங்கிவிடலாம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. காலையிலேயே காற்று ஓட்டைப் பிய்க்கிறது. யுஎஸ்பி டிரைவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஸ்க்ரைபஸ் கேட்டேன். மென்பொருள் பொட்டலங்களை எடுத்து ஏற்றுகிற ஏப்ட் இரண்டாம் வட்டைக் கேட்டது. பெயர் சொல்லி, எண் சொல்லி, /மீடியா/சிடிராம்/ என்ற டிரைவில் போட்டு என்டர் அழுத்தச் சொன்னது. போட்டேன், அழுத்தினேன். மறுபடி அதே வரி. வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டேன். அதே வரி. கோப்பு மேலாளரில் பார்த்தால் வட்டு திறந்து கிடக்கிறது, உள்ளே 'பூல்', 'டிஸ்ட்ஸ்' எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஏப்ட்டுக்கு மட்டும் தெரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

போன் வரவில்லை.

ஜூலை 19, சனி

நேற்று ராத்திரி முழுக்க அந்த வரிதான். அம்மைக்கு மாத்திரை கொடுக்க ஒன்றரைக்கு எழுந்தவன் அப்படியே கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

பொட்டலப் பட்டியலைப் புதுப்பிக்கும் 'ஏப்ட் அப்டேட்' அடித்தால் இன்னொரு பல்லவி: இந்தச் சிடிராமில் பட்டியல்களின் விவரம் தாங்கும் ரிலீஸ் கோப்பு இல்லை, ஏப்ட்-சிடிராம் கட்டளை கொண்டுதான் வட்டைச் சேர்க்க வேண்டும். ரிலீஸ் கோப்பு வட்டில் இருக்கிறது. நானே திறந்து படித்தேன். பிழைச் செய்தி பொய் சொல்லாது என்று பெரிய ஆட்கள் சொல்வார்கள். பொய் சொல்லாதுதான், ஆனால் தான் நிற்கிற இடத்திலிருந்து என்ன தெரிகிறதோ அதை மட்டும் சொல்லும். ஏப்ட் நிற்பது /மீடியா/சிடிராமின் வாசலில். டெஸ்க்டாப்போ வட்டை வேறொரு வாசலில், /மீடியாவுக்குள் என் பெயரில் ஒரு அடைவு போட்டு அங்கே திறந்து வைத்திருக்கிறது. இந்த வாசலில் நிற்பவனுக்கு அறை காலி. அதனால் "கோப்பு இல்லை". "வட்டே இங்கே வரவில்லை" என்று சொல்லியிருந்தால் ஒரு ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

மூலக் காரணம் விடியற்காலையில் கிடைத்தது. எந்த டிரைவ் எந்த அடைவில் திறக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் சிடிராம்0 என்ற வரி எஸ்ஆர்1 ஐக் காட்டுகிறது. அது திரும்பிப் போன இரவல் டிரைவின் பெயர். பெட்டிக்குள் இருப்பது எஸ்ஆர்0. நிறுவும்போது எந்த டிரைவைக் கண்டதோ அதை எழுதி வைத்திருக்கிறது, அதன் பேரில் குற்றமில்லை. ஒரு எண்ணை மாற்றினேன். டெஸ்க்டாப் திறந்த வட்டை மூடிவிட்டு, 'ஏப்ட்-சிடிராம் ஆட்' அடித்ததும் டிரைவ் கிறுகிறுவென்று சுற்றி வட்டைப் பெயரோடு ஏற்றுக்கொண்டது.

சாயா போட்டு அம்மைக்கும் கொடுத்தேன். "என்ன, போன் வந்துதா?" என்றாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். இல்லை அம்மே, இது வேற.

ஜூலை 20, ஞாயிறு

மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. அம்மைக்குக் கஞ்சி ரெண்டு வாய்.

ஜூலை 22, செவ்வாய்

ஹாஷ் (செக்சம் என்பதும் இதுதான், கோப்பு கெடாமல் வந்ததா என்று பார்க்கும் எண்) பொருந்தவில்லை என்கிறது ஏப்ட் இப்போது.

வட்டு வாசலுக்கு வந்தது, பொட்டலங்களை எடுக்கப் போனது, பாதியில் டிரைவ் கொக்கரித்து நின்றது. 'டிமெஸ்ஜி' என்ற கணினிப் பதிவைப் பார்த்தால் எஸ்ஆர்0, இந்த செக்டரில் படிக்க முடியவில்லை, அந்த செக்டரில் படிக்க முடியவில்லை என்று வரிசையாக. ஏப்ட்டைப் பாராட்ட வேண்டும். பட்டியலில் உள்ள செக்சமும் கையில் வந்த பொட்டலத்தின் செக்சமும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏற்றவே மாட்டேன் என்கிறது. அரைகுறையாக ஏற்றித் தொலைக்காமல் விட்டது.

வட்டை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் பூசணம். இந்த ஈரத்தில் ரப்பர் ஷீட்டுக்கே பூசணம் பிடிக்கிறது, டிவிடி எம்மாத்திரம். தங்கச்சி மகன் போனில் "பேஸ்ட் வச்சு தேய்ங்க மாமா, செரியாவும்" என்றான். தேய்த்தேன். வட்டு புதினா மணக்கிறது. வேறு பயன் இல்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. பஸ் எல்லாம் கன்னியாகுமரி கடலுக்குப் போகிற கூட்டம். தக்கலை வரை நின்றுகொண்டே போய் மருந்து வாங்கி வந்தேன். அம்மையின் கை மெலிந்துவிட்டது, வளையல் முழங்கை வரை ஏறுகிறது. கழற்றி வைக்கவா என்றேன். வேண்டாம் என்றாள்.

கோயில் கமிட்டியில் கேட்டார்கள், மலர் எப்படிப் போகிறது என்று. போகிறது என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

ஸ்க்ரைபஸ் வரும்போது வரட்டும், முதல் வட்டில் இருக்கிறதையாவது ஏற்றலாம் என்று லோஹித் தமிழ் எழுத்துருவும், தமிழ்99 விசைப்பலகையில் தட்ட ஐபஸ்-எம்17என்னும் கேட்டேன். பிரித்துக்கொண்டிருந்த நடுவில் கரண்ட் போனது. யுபிஎஸ் கிடையாது. டார்ச் அடித்துக்கொண்டு அம்மை கட்டில் பக்கத்தில் ரெண்டு மணிக்கூர் உட்கார்ந்திருந்தேன். ஓட்டின் மேல் காற்று. அவள் தன் அம்மையைப் பற்றிப் பேசினாள், குலசேகரம் சந்தைக்கு மரச்சீனி சுமந்து போனது, திரும்பும்போது ஒரு மட்டி வாழைக்குலை. நான் கேட்டிராத கதை.

கரண்ட் வந்ததும், ஏப்ட்டுக்கு அடியில் பொட்டலங்களை ஏற்றுகிற டிபிகேஜி நடுவில் நின்றுவிட்டது, 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' என்று கையால் அடி என்றது. அடித்தேன். எல்லாம் நிமிர்ந்தன, ஒரு பொட்டலம் மட்டும் மிக மோசமான நிலையில் இருக்கிறதாம், மறுபடி நிறுவினால்தான் அமைக்க முடியுமாம். மறுநிறுவல் கேட்டால் முதல் வட்டைப் போடு என்கிறது. முதல் வட்டு நல்ல வட்டு. போட்டேன். சரியானது.

ஜூலை 27, ஞாயிறு

பூசைக்குத் தங்கச்சியும் மகனும் வந்தார்கள். பயலை உட்காரவைத்தேன். ஏதோ ஒன்று டிபிகேஜி பூட்டைப் பிடித்திருந்தது. "லாக் கோப்பை அழிச்சிருவோம் மாமா, எல்லாரும் அப்பிடித்தான் செய்யாங்க." எல்லாரும் செய்கிறார்கள், தெரியும். அந்தப் பூட்டு சும்மா தொங்கவில்லை, உள்ளே ஒருவர் வேலை செய்கிறார் என்று அர்த்தம். அழித்துவிட்டு நாமும் உள்ளே புகுந்தால் இரண்டு பேரும் ஒரே பதிவேட்டில் எழுதுவோம். யார் பிடித்திருக்கிறார் என்று பார்க்கச் சொன்னேன். பேக்கேஜ்கிட். பின்னணியில் அப்டேட் தேடிக்கொண்டிருக்கிறது, இல்லாத நெட்டில். கொஞ்ச நேரத்தில் தானே விட்டது.

தங்கச்சி அடுக்களையில் அழுதாள். நான் போகவில்லை.

ஜூலை 30, புதன்

"இடம் காலியானா கூப்பிடுவோம்." திருவனந்தபுரத்தில் இவ்வளவுதான் சொன்னார்கள். கிணற்றடியில் நின்று பேசினேன், ஒரு மலையாளச் சொல்லும் தெளிவாகக் கேட்கவில்லை.

இரண்டாம் வட்டுக்கு வழி கண்டாயிற்று. முதல் வட்டுபோல அதன் ஐஎஸ்ஓ, அதாவது முழு வட்டின் பிரதிக் கோப்பு, அப்படியே இறக்கக் கிடைக்காது, ஜிக்டோ வழிதான். ஒரு சின்ன .ஜிக்டோ கோப்பு, ஒரு டெம்ப்ளேட் கோப்பு, அவ்வளவுதான் முதலில் வரும். எந்தெந்தப் பொட்டலம் வட்டில் எங்கே உட்கார வேண்டும் என்று அதில் இருக்கும். ஜிக்டோ-லைட் ஒவ்வொன்றையும் சர்வரிலிருந்து எடுத்துவந்து அடுக்கி ஐஎஸ்ஓவைக் கட்டும். இதில் எனக்குப் பிடித்தது: கையில் பழைய வட்டு இருந்தால் அதிலிருந்து எடுக்கக் கூடியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் இறக்கும். பூசணம் பிடித்த வட்டிலிருந்து படிக்க முடிந்ததை எல்லாம் ஒரு அடைவில் பிரதி எடுத்துப் பயலிடம் கொடுத்துவிட்டேன். கெட்டுப்போனது அதில் இருந்தாலும் செக்சம் ஒக்காமல் தானே ஒதுங்கிவிடும். மார்த்தாண்டத்தில் அவர்கள் வீட்டு நெட் ஓடுகிறது.

ஆகஸ்ட் 2, சனி

தூக்கமில்லை. அவளுக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஐஎஸ்ஓ கட்டி முடித்துவிட்டானாம், செக்சம் சரி என்று ஜிக்டோவே சொல்லிவிட்டதாம். பென்டிரைவில் ஏற மாட்டேன் என்கிறதாம். 64 ஜிபி பென்டிரைவ், ஐஎஸ்ஓ நாலரைக்குக் கிட்டே. "எடமெல்லாம் கெடக்கு மாமா, ஆனா எடமில்லன்னு சொல்லுது." பென்டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருக்கிறது. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட்டால் அதற்கு ஆகாது, எத்தனை ஜிபி காலி கிடந்தாலும். அழித்து எக்ஸ்ட்4 அமைப்பு போடச் சொன்னேன். அதில் அவன் படம் ஏதோ இருந்ததாம், பெரிய துக்கம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வந்தது! ஸ்க்ரைபஸ் வந்தது!

இனி வட்டைச் சுற்றுகிற பேச்சே கிடையாது. இரண்டு ஐஎஸ்ஓவையும் வன்தட்டில் போட்டு, வட்டுபோலவே திறக்கிற லூப் மவுண்ட் செய்து, ஏப்ட் எங்கே தேட வேண்டும் என்ற பட்டியலான சோர்சஸ்.லிஸ்டில் சிடிராம் வரிகளின் தலையில் # வைத்து முடக்கிவிட்டு, அதற்குப் பதிலாக ஃபைல்: என்று இரண்டு வரி. வட்டில் உள்ள ரிலீஸ் கோப்புக்குக் கையொப்பம் கிடையாது, அதனால் 'ட்ரஸ்டட்=எஸ்' என்று நாமே ஜாமீன் நிற்க வேண்டும். நெட்டில் கண்ட இடத்துக்கெல்லாம் இந்த ஜாமீன் கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. செக்சம் சரிபார்த்த ஐஎஸ்ஓ என்பதால் கொடுத்தேன். ஏப்ட் அப்டேட், ஒரு நொடி. ஏப்ட் இன்ஸ்டால், ஒரு கேள்வியும் இல்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்பான் பயல். ஐஎஸ்ஓ எங்கே இருந்தது முதலில்?

1.5 தொடர் ஸ்க்ரைபஸ். பழைய 1.4 இல் தமிழ் போட்டால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிற்கும். இதில் 'கொ' ஒழுங்காக 'கொ'வாக வருகிறது. அம்மையைத் தாங்கிக் கூட்டிவந்து திரையில் காட்டினேன். மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். எழுத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

கமிட்டிச் செயலாளர் கட்டுரைகளை அனுப்பியிருக்கிறார். எல்லாம் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில். யூனிகோடுக்கு மாற்றியதில் பங்குத்தந்தையின் வாழ்த்துரையில் பாதி புள்ளியைக் காணவில்லை. கண்ணால் திருத்துகிறேன், அம்மை தூங்குகிற நேரமாகப் பார்த்து.

ஆகஸ்ட் 9, சனி

டெபியன் 13 இன்று வெளியாகிறது என்று கிணற்றடி சிக்னலில் படித்தேன். 32 பிட்டுக்கு இனி நிறுவியும் இல்லை, கெர்னல் என்ற மையப் பகுதியும் இல்லை. நான் ஏற்றி இன்னும் வாசம் போகாத இந்தப் பெட்டி 12 ஓடு நின்றுகொள்ள வேண்டியதுதான். எனக்கு வருத்தம் வரவில்லை. அந்த இரண்டு ஐஎஸ்ஓவையும் இன்னொரு பென்டிரைவிலும் பிரதி எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்தேன், ஈரம் படாது. சாயங்காலம் அம்மைக்குக் காய்ச்சல்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

99. 100.4. 99.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கூப்பிட்டுவிட்டார்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மூன்று மணிக்குக் காருக்குச் சொல்லியாயிற்று. பழைய ரிப்போர்ட் எல்லாம் நீலக் கவரில், இரண்டு சேலை, பிளாஸ்க், ஜெபமாலை. சேலையை அவளே எடுத்து வைத்தாள். நல்ல சேலை எதற்கு என்று தங்கச்சி கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

15 ஆம் தேதிக்குள் மலர் அச்சுக்குப் போய்த் திரும்ப வேண்டும். பயல் ராத்திரி இங்கே தங்குகிறான். லூப் மவுண்ட் மறுதொடக்கத்தில் போய்விடும், எஃப்எஸ்டேப்பில் எழுதிவிட்டேன், ஆனாலும் கரண்ட் போய் வந்தால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஸ்க்ரைபஸ் கோப்பு டாக்குமெண்ட்ஸில், பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளே பதிக்க மறக்கக் கூடாது. பாட்டுப் பக்கங்கள் முடிந்தன. கடைசி அட்டை மட்டும் காலியாகக் கிடக்கிறது, நகைக்கடைக்காரர் இன்னும் லோகோ அனுப்பவில்லை