ரெண்டாவது தடவை கொண்டு வந்த மீன் குஞ்சு, 12வது நாள்

போன தடவை தம்புள்ள பக்கத்துல இருந்து பஸ்ல 200 திலாப்பியா குஞ்சு கொண்டு வந்து மலைநாட்டுல எங்க தோட்ட லயத்துக்கு (வரிசை வீட்டுக்கு) பின்னால இருக்குற சீமெந்து தொட்டில விட்டேன். இறக்குனப்ப 4தான் செத்திருந்திச்சு, அப்பாடான்னு அன்னைக்கு நல்லா தூங்குனேன். மூணாவது நாள் காலைல பாத்தா வால்ல, செதில்ல பஞ்சு ஒட்டுன மாதிரி பூஞ்சை, பத்து நாள்ல பாதிக்கு மேல போச்சு.

தொட்டியத்தான் குறை சொல்லிட்டு இருந்தேன், ஆனா தப்பு பண்ணது நான் வழியில. கினிகத்தேன கிட்ட வர்றப்ப குஞ்செல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறந்துச்சு, பாவமேன்னு பை வாயைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டைக் கழட்டி காத்து விட்டேன். அதுதான் வினை! அடைச்சிருந்த ஒக்சிஜன் அத்தனையும் போச்சு. அதோட, மூடின பைக்குள்ள மீன் மூச்சு விட விட காபன் டை ஒக்சைட் சேந்து தண்ணி புளிப்பாகும், புளிப்பா இருக்குற வரைக்கும் மீன் கழிச்ச அமோனியாவோட விஷம் அவ்வளவா ஏறாது. பை வாயைத் திறந்தா அந்த காபன் டை ஒக்சைட் வெளிய போயிரும், பிஎச் ஏறும், அதாவது புளிப்பு குறையும், அமோனியா விஷமா மாறும். அப்படி திறந்துட்டு இன்னும் ஒன்றரை மணி நேரம் பஸ்ல வந்திருக்கேன்.

வந்தவுடனே 28 டிகிரி தண்ணில இருந்ததை 18 டிகிரி பீலித் தண்ணில (ஊத்துத் தண்ணி) அப்படியே கொட்டினதையும் சொல்லணும். எங்க குளிருக்கு திலாப்பியாவே சரியில்ல, சரியா சாப்பிடவும் மாட்டேங்குது.

அதனால இந்தத் தடவை கார்ப். 150 குஞ்சு, ஒரு பைக்கு 75ன்னு ரெண்டு பை, மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்சம் ஒக்சிஜன். ஏத்துறதுக்கு முந்தின நாள் தீனி போட வேணாம்னு குஞ்சு தர்றவங்ககிட்ட சொல்லி வச்சேன், வயித்துல ஒண்ணும் இல்லன்னா பைக்குள்ள அழுக்கும் அமோனியாவும் குறையும். லீட்டருக்கு 3 கிராம் கல்லுப்பு போட்டோம். பயந்த மீன் உடம்பு உப்பை செவுள் வழியா வெளிய விட்டுரும், தண்ணியும் உள்ள ஏறும், வெளிய கொஞ்சம் உப்பு இருந்தா அந்த இழப்பு குறையும். ராத்திரி பஸ்ல, நனைச்ச சாக்கு சுத்தின ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டில வந்துச்சு. கண்டக்டர் பெட்டிக்கும் ஒரு டிக்கட் போட்டுட்டாரு, அது வேற கதை.

வந்து பையைக் கட்டு அவிழ்க்காம முக்கால் மணி நேரம் தொட்டில மிதக்க விட்டேன், அப்புறம் திறந்து கப்புல கொஞ்சம் கொஞ்சமா தொட்டித் தண்ணிய ஊத்தி பத்து நிமிசத்துல எல்லாத்தையும் விட்டாச்சு. தொட்டில விட்ட மொத நாள் தீனியே இல்ல, அம்மா மட்டும் பாவம் பாத்து சோத்தைப் போட வந்தாங்க, தடுத்துட்டேன்.

இன்னைக்கு வரைக்கும் செத்தது 9. இருக்குறதை எண்ணல, வலை போட்டுத் தூக்குறதே அதுங்களுக்கு இன்னொரு பயணம் மாதிரி, செத்ததைத்தான் எண்ணுறேன்.

ஆனா நெருக்கடி இப்பவே தெரியுது. கொஞ்சம் பெருசானது தீனி விழுற மூலையை விடுறதில்ல, சின்னதுங்க ஓரமா ஒதுங்கி நிக்குது, நாலஞ்சுக்கு வால் நுனி கிழிஞ்சிருக்கு. நேத்து தீனிய ரெண்டு பக்கமும் தூவிப் பாத்தேன், பெருசுங்க பிரிஞ்சு போய் ரெண்டு மூலையையும் பிடிச்சுக்குச்சு. ஞாயித்துக்கிழமை நீலப் பெரல் (பீப்பாய்) ஒண்ணு கழுவி வச்சு சின்னதுங்களை அதுல மாத்தணும், கப்புல தண்ணியோட அள்ளித்தான்.