யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு: காரின் பின்னால் மூன்று சைக்கிள்

திருகோணமலையில் சைக்கிள் ஓட இரண்டு நல்ல பாதைகள் இருக்கின்றன. ஒன்று, பட்டினத்திலிருந்து உப்புவெளி, சாம்பல்தீவு தாண்டி நிலாவெளி வரை கடலை ஒட்டிப் போகும் சமதரை றோட்டு. மற்றது தெற்கே, 2009இல் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலத்தின் மேலால் போவது. சொந்தச் சைக்கிளோடு போக விரும்புகிறவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9இல் வவுனியா, அங்கிருந்து ஏ-29இல் ஹொறவப்பொத்தானை, பிறகு ஏ-12 என்று வரலாம். அத்தனை தூரமும் சைக்கிள்கள், றெயிலர் இழுக்கும் கொளுக்கியில் பூட்டும் சைக்கிள் தாங்கியில், காரின் பின்னால் தொங்கிக்கொண்டு வரவேண்டும்.

பாரத்தால் தாங்கி முறிந்து விழுவது அரிது. கெடுப்பது ஆட்டம். இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி பள்ளத்துக்குப் பள்ளம் தட்டித் தட்டி நட்டைத் தளர்த்தும், பெயின்றை உரசும், கடைசியில் வெல்டிங்கில் வெடிப்பைக் கொண்டுவரும். கீழே சொல்லும் வேலைகளில் பாதி, இந்த ஆட்டத்தை நிறுத்துவதற்கானவை.

முதலில் வாகனம். வாகன்ஆர் மாதிரிச் சின்னக் கார்களுக்குக் கொளுக்கித் தாங்கியை மறந்துவிடுங்கள். காரின் அகலமே 1.475 மீற்றர்தான். பெரிய ஆளின் சைக்கிள் ஏறத்தாழ 1.75 மீற்றர் நீளம், ஆக இருபுறமும் அரைச் சாணுக்கு மேல் வெளியே நிற்கும். பம்பரில் ஒட்டவைத்த கொளுக்கியும் வேண்டாம். டபிள் கப், ஜீப் போன்றவற்றில் கொளுக்கி சசியில் (வாகனத்தின் அடிச்சட்டத்தில்) போல்ற் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். கொளுக்கியின் தகட்டில் செங்குத்துப் பாரம் எவ்வளவு என்று அடித்திருக்கும். 75 கிலோ என்று இருந்தால் கணக்கு இதுதான்: தாங்கி 20 கிலோ, மூன்று அலுமினியச் சைக்கிள் 45 கிலோ, மொத்தம் 65. சரிதான். அதே இடத்தில் மூன்று இரும்புச் சைக்கிள், ஒன்று 19 கிலோ வீதம், ஏற்றினால் தாங்கியோடு 77, அளவுக்கு மேல். அதோடு ஜீப்பின் பின்கதவில் ஸ்பெயார் சில்லு இருக்கிறதென்று நீட்டுக் குழாய் போட்டால் நெம்புகோல் நீளம் கூடி, தாங்கும் அளவு இன்னும் குறையும். நீட்டுக் குழாய் போட்டால் பாரத்தைப் பாதியாக்கச் சொல்லும் கையேடுகளும் உண்டு.

கொளுக்கியில் இரண்டு வகை. பெட்டிக் குழாய் வகையில் வாய் பொதுவாக 2 அங்குலம், குறுக்கே போகும் பின் (இரும்பு முளை) 5/8 அங்குலம். சின்ன 1¼ அங்குல வாய்க்கு அரை அங்குலப் பின். உள்ளூர் வெல்டிங் கடையில் செய்த குழாய் சற்றுப் பெரிதாக இருந்தால் தாங்கி உள்ளே ஆடும். வெறும் பின்னும் கிளிப்பும் அதை நிறுத்தாது. குழாய்ச் சுவருக்கு எதிராக இறுக்கும் போல்ற் உள்ள பின் வேண்டும், அல்லது மெல்லிய இரும்புத் தகட்டைச் செருக வேண்டும். சைக்கிள் ஏற்றுமுன் தாங்கியின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் பலமாக ஆட்டிப் பாருங்கள். கார் சேர்ந்து ஆடினால் நல்லது, தாங்கி மட்டும் ஆடினால் இன்னும் இறுக்க வேண்டும்.

மற்றது 50 மில்லிமீற்றர் உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் வகை. எங்கள் பக்கம் அதே உருண்டையில் றெயிலரும் பூட்டுவதால் கிறீஸ் அப்பியிருக்கும். கிறீஸ் பட்ட உருண்டையைக் கவ்வி பிடிக்காது, தாங்கி மெல்ல ஒரு பக்கம் திரும்பிவிடும். பெற்றோலில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டுப் பிறகு பூட்டுங்கள்.

ஏற்றும்போது பாரமானது காருக்குக் கிட்ட, இலேசானது வெளியே. ஒன்றின் ஹாண்டில் இடப்பக்கம் என்றால் அடுத்தது வலப்பக்கம். பெடல் அடுத்த சைக்கிளின் பிறேமைக் குத்தாதபடி பின்னோக்கிச் சுற்றி விடுங்கள், குத்துகிற இடத்தில் பழைய ரியூப் துண்டைச் சுற்றுங்கள். பார் சரிந்த பெண்கள் சைக்கிளை, பிறேமில் பிடித்துத் தொங்கவிடும் தொங்கு தாங்கியில் நேரே மாட்டினால் சில்லு நிலத்தைத் தொடப் பார்க்கும். சீற்றுக்கும் ஹாண்டிலுக்கும் இடையே பூட்டும் குறுக்குப் பார் தனியே வாங்கலாம். காபன் பிறேம் என்றால் பிறேமைக் கவ்வும் தாங்கியே கூடாது, சில்லைப் பிடிக்கும் தட்டுத் தாங்கிதான். முன் சில்லை பிறேமோடு பட்டியால் கட்டாவிட்டால் ஹாண்டில் திரும்பித் திரும்பிப் பக்கத்துச் சைக்கிளைச் சுரண்டும். றபர் கொக்கிக் கயிறு மேலதிகப் பிடிக்கு மட்டும். வெயிலில் வெடித்துப்போகும் அதை நம்பி எதையும் தொங்கவிடக்கூடாது. தண்ணிப் போத்தல், பம்ப், குழந்தை இருக்கை, மின்சைக்கிளின் பற்றரி எல்லாம் காருக்குள்ளே. மழைக்கென்று படங்கு போர்த்தினால் அது பாய்மரமாகிவிடும். நனையட்டும், சைக்கிள்தானே.

புகைக் குழாயைப் பார்க்க மறக்கிறவர்கள்தான் அதிகம். குழாய் வாய்க்கு நேரே ரயரோ நைலோன் பட்டியோ நின்றால், ரயர் சூட்டில் வெடிக்கலாம், பட்டி உருகி அறும். பின் விளக்கும் இலக்கத்தகடும் மறைந்தால் விளக்குப் பலகை ஒன்றை வாங்கி இணையுங்கள்.

வெளிக்கிட்ட பிறகு முதல் நிறுத்தம் சாவகச்சேரி. இருபது கிலோமீற்றருக்குள் எல்லாம் ஒருமுறை ‘உட்கார்ந்து’ தளர்ந்திருக்கும், ஆகவே பட்டி, போல்ற் இரண்டையும் திரும்ப இறுக்க வேண்டும். அடுத்தது வவுனியா. தட்டுத் தாங்கி தாழ நிற்பதால் வேகத்தடையிலும் கடை வாசல் சரிவிலும் பின்முனை உரசும். அங்கெல்லாம் ஊர்ந்து ஏறுங்கள். ஹொறவப்பொத்தானைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, இருட்டுமுன் கடந்துவிட வேண்டும். சைக்கிள்கள் பின் கண்ணாடியை மறைத்துக்கொண்டும் சென்சார் ஓயாமல் கத்திக்கொண்டும் இருக்கிற வாகனத்தை அவசரத்தில் பின்னெடுப்பது இலேசான காரியமில்லை. தாங்கி ஒரு மீற்றர் நீளுகிறது என்பதும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் இறங்குகிறவர்கள் காரை விட்டுப் போகிறபடியால் பூட்டு தேவை. இரண்டு பூட்டு: சைக்கிள்களைச் சேர்த்துத் தாங்கியோடு கட்டும் கேபிள் ஒன்று, கொளுக்கிப் பின்னுக்கு ஒன்று. பின்னைப் பூட்டாவிட்டால் தாங்கியோடு சேர்த்தே கழற்றிக்கொண்டு போகலாம்.

கோணேசர் கோயிலுக்குக் காரோடு ஏறத் தேவையில்லை. பிரெட்றிக் கோட்டையின் வளைவு வாசல் ஒடுக்கம், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சில்லு கல்லில் உரசும். பட்டினத்தில் சைக்கிளை இறக்கி மிதித்தே போங்கள், உள்ளே மான்கள் குறுக்கே வரும் என்பதால் மெதுவாக.

திருகோணமலையின் கடற்காற்று தாங்கிக்கு நல்லதல்ல. வரும் வழியில் ஆனையிறவிலேயே உப்பு படியத் தொடங்கியிருக்கும். தங்குமிடத்தில் நல்ல தண்ணீரால் செயினையும் தாங்கியின் மூட்டுகளையும் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். பூட்டின் துளைக்குக் கிறபைற் தூள் போதும், எண்ணெய் விட்டால் மணல் ஒட்டும். இரண்டு நாளுக்கு மேல் தங்குவதென்றால் தாங்கியைக் கழற்றி, பெட்டிக் குழாய்க்குள் போகும் தண்டில் மெல்லிய கிறீஸ் பூசித் தங்குமிடத்துக்குள்ளே வையுங்கள். கழற்றாமல் ஒரு கிழமை விட்ட தாங்கி குழாயோடு துருவால் இறுகி, சுத்தியலால் அடித்தாலும் அசையாது என்று நிற்கும்.