செங்காவியும் வெள்ளையும்: தங்கையின் மணமேடையை நாங்களே அலங்கரித்த அனுபவம்

தங்கையின் திருமண அலங்காரம் இரண்டே நிறங்களில் அமைய வேண்டும் என்று முடிவானபோது, எந்த இரண்டு நிறங்கள் என்று நாங்கள் தேடி அலையவில்லை. மார்கழி முழுவதும் அம்மா வாசலில் மாக்கோலமிட்டுச் சுற்றிலும் காவி இழுப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். கோயில் மதில்களில் பட்டை பட்டையாக நிற்பவையும் அதே செங்காவியும் வெள்ளையும்தான். ஆனால் துணி, காகிதம், பூ என்று எல்லாவற்றிலும் ஒரே செங்காவியைக் கொண்டுவருவதற்குள் இரண்டு மாதங்கள் ஓடிவிட்டன.

மேடையின் அகலம் 16 அடி. பின்திரைக்கு வேண்டிய உயரம் 10 அடி. மடிப்பு அழகாக விழ வேண்டுமானால் அகலத்தைப் போல இரண்டு பங்கு துணி வேண்டும் என்று பந்தல்காரர் சொன்னார். அதன்படி 44 அங்குல அகலத் துணியில் ஒன்பது பட்டைகள் தேவைப்பட்டன. ஆறு வெள்ளை, மூன்று செங்காவி என்று பிரித்து, தையலுக்கு அரை அடி கூட்டி, வெள்ளைப் பருத்தி 20 மீட்டரும் செங்காவி 10 மீட்டரும் கணக்கிட்டோம். சிறு வேலைகளுக்கென்று செங்காவியில் மேலும் 5 மீட்டர் சேர்த்துக்கொண்டோம். மதுரை விளக்குத்தூண் பகுதியில் துணி எடுத்தபோது, கடை விளக்கில் ஒன்றுபோலத் தோன்றிய இரண்டு சுருள்கள் வாசல் வெயிலில் இரண்டு வேறு சிவப்புகளாக இருந்தன. அதனால் செங்காவி முழுவதையும் ஒரே சுருளிலிருந்து வெட்டித் தரச் சொல்லி வாங்கினோம்.

திருமணத்திற்குப் பன்னிரண்டு நாள் முன்பு மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்தோம். பின்திரையின் மேல் தொங்கவிட்ட சம்பங்கிச் சரத்திற்குத் தண்ணீர் தெளித்தோம். நீர் செங்காவிப் பட்டையில் இறங்கி, பக்கத்திலிருந்த வெள்ளையில் இரண்டு விரல் அகலத்திற்கு இளஞ்சிவப்புக் கோடாக ஊறியது. தங்கை அழுதேவிட்டாள். மறுநாள் செங்காவித் துணி முழுவதையும், தனியாக வைத்திருந்த 5 மீட்டரையும் சேர்த்தே, அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை ஐந்து முறை அலசினோம். சேர்த்து அலசியது நல்லதாயிற்று. துணியின் நிறம் ஒரு படி இறங்கியது என்றாலும் எல்லாத் துணியிலும் ஒரே அளவாக இறங்கியது.

ஆனால் அதற்குள் செய்து வைத்திருந்த கிரேப் காகிதப் பூக்கள் அந்த வெளிறிய செங்காவியோடு ஒட்டவில்லை. வருத்தமாக இருந்தாலும் அவற்றை ஒதுக்கிவிட்டு, மீதமிருந்த துணியிலேயே பூச் செய்யத் தொடங்கினோம். இரண்டு அங்குல அகலமும் ஒரு முழ நீளமும் கொண்ட துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, திறந்த ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டு, நூலை மெல்ல இழுத்தால் துணி சுருங்கி வளையும். அதை உள்ளிருந்து வெளியே சுற்றி, அடியில் நான்கு தையல் போட்டால் பூ நின்றுவிடும். நூலை வேகமாக இழுத்தால் அறுந்து, முதலிலிருந்து தைக்க வேண்டும். சித்தியும் அத்தையும் நானுமாக ஒரு வாரத்தில் 120 பூக்கள் முடித்தோம்.

முகூர்த்த நாளில் பூ விலை ஏறும் என்பதால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் முன்பணம் கொடுத்துச் சம்பங்கியும் கோழிக்கொண்டையும் சொல்லி வைத்தோம். கோழிக்கொண்டையைச் சிறு சிறு கிள்ளலாகப் பிரித்து, நான்கு விரல் வெள்ளைக்கு இரண்டு விரல் சிவப்பு என்ற அளவில், நனைத்த வாழைநாரில் கட்டினோம். அந்தச் சிவப்பு துணியை விட அடர்ந்தது. பூவின் நிறத்தை நம் விருப்பத்திற்கு மாற்ற முடியாது. ஆகவே பின்திரைக்கு அருகில் பூவே வைக்காமல், சரங்களை நுழைவாயிலுக்கும் தூண்களுக்கும் கொண்டுபோனோம். வாழைமரமும் மாவிலையும் பச்சையாயிற்றே என்று தங்கை தயங்கியபோது, அவை இல்லாமல் கல்யாண வாசல் ஏது என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது.

மண்டபம் முந்தைய நாள் மதியம்தான் கைக்கு வந்தது. சவுக்குக் கம்புச் சட்டத்தில் திரையைக் கட்டி முடிக்க நான்கு மணி நேரமாயிற்று. மேடையின் நீல, ஊதா விளக்குகள் வெள்ளைத் துணியை முற்றிலும் மாற்றிக் காட்டியதால் அவற்றை அணைக்கச் சொன்னோம்.

அதிகாலை நான்கரை மணிக்கு அத்தை மணவறைக்கு முன் மாக்கோலமிட்டுக் காவி இழுத்தார். நான் ஒரு துண்டுத் துணியை அருகில் வைத்துப் பார்த்தேன். ஈரக் காவி கருத்திருந்தது. ஆறு மணிக்கு மேளம் தொடங்கும்போது அது காய்ந்து, பின்திரையின் நிறத்திற்கே வந்திருந்தது.