வீட்டிலிருந்து ஆபீஸ் சர்வர்

மூன்று நாளாக இதோடுதான் மல்லுக்கட்டு. வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பாக வழி போட்டுத் தரும் வி.பி.என். இணைந்துவிட்டது என்று லேப்டாப் காட்டுகிறது, ஆபீஸ் சர்வர் மட்டும் திறக்கவே இல்லை. நேற்று ராத்திரிதான் காரணம் பிடிபட்டது: ஆபீஸிலும் வீட்டிலும் கணினிகளுக்கு ஒரே 192.168.1 வரிசை நெட்வொர்க் முகவரிகள். லேப்டாப் அந்தச் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டு ரவுட்டரில் வரிசையை 192.168.50 என்று மாற்றினேன், உடனே திறந்துவிட்டது. அவ்வளவு நிம்மதி!

அப்புறம் ஒன்று. வி.பி.என். எதற்கு, ஆபீஸ் ரவுட்டரில் தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை, அதாவது அதன் இணைப்பு வாசலைத் திறந்துவிட்டால் போதுமே என்றார் ஒரு நண்பர். தயவுசெய்து செய்யாதீர்கள். திறந்து கிடக்கும் 3389-ஐத் தேடி ஹேக்கர்கள் இணையம் முழுக்க ஓயாமல் துழாவுகிறார்கள். கடவுச்சொல்லை ஊகித்து நுழைந்துவிட்டால், கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். சின்ன ஆபீஸ் என்றால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம்.