ஓடையைத் தாண்ட 15 யூரோ

ஹோஃப் ரயில் நிலையத்து டாக்சிக்காரர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. பவேரியா மாநில எல்லையில் இருக்கும் மோட்லராய்த் கிராமத்துக்குப் போக வேண்டும். ஜெர்மனி ஒன்றான அக்டோபர் 3 விடுமுறைக்கு மறுநாள், சனிக்கிழமை. பேருந்து கிடைக்கவில்லை, பையில் இருந்த மாதச் சீட்டால் பயனில்லை. ஊர் வந்ததும் மனிதர், "மறுபாதி துரிங்கியா மாநிலம், மீட்டருக்கு மேல் 15 யூரோ" என்றார். மறுபாதி எவ்வளவு தூரம் தெரியுமா? நடுவில் டான்பாக் என்று ஓர் ஓடை. ஜெர்மனி இரண்டாக இருந்தபோது பவேரியக் கரை மேற்கு, துரிங்கியக் கரை கிழக்கு. வேட்டியை மடித்துக் கட்டாமலே தாண்டலாம்.

வழியெல்லாம் அவர் கிழக்கத்தியர்களைப் பற்றி, பிடிக்காத சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசுவது போலப் பேசிக்கொண்டே வந்தார். நாங்கள் கொடுத்த பணத்தில் ரோடு போட்டுக்கொண்டார்கள், இன்னும் அழுகிறார்கள். அப்புறம் என் நிறத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் ஜாக்கிரதை." கிழக்கைத் தூக்கிவிட என்று வாங்கிய 'ஒற்றுமை வரி'யைக் கிழக்கத்தியர்களும்தான் கட்டினார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். மீட்டர் ஓடிய வேகத்தில் பேச்சு வரவில்லை.

கிராமம் மட்டும் ஏமாற்றவில்லை. ஐம்பது பேர் வாழும் ஊருக்கு 1966-இல் 700 மீட்டர் கான்கிரீட் சுவர்! அமெரிக்கர்கள் 'குட்டி பெர்லின்' என்றார்களாம். அக்கரையில் இருப்பவருக்குக் கையசைக்கக்கூடக் கிழக்குப் பக்கத்தவர்களுக்குத் தடை. சுவரில் ஒரு பகுதியும் காவல் கோபுரமும் இன்னும் நிற்கின்றன. ஊருக்கு இன்றும் இரண்டு மாநிலம், இரண்டு அஞ்சல் குறியீடு. ஒரு பவேரியத் தம்பதி என்னை ஹோஃபில் காரில் இறக்கிவிட்டார்கள், காசே வாங்காமல்.

அங்கிருந்து முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் இருந்த ப்ளாவன் நகருக்கு ரயில். இந்தப் பாதையில்தான் 1989 அக்டோபர் தொடக்கத்தில், பிராக் நகரின் மேற்கு ஜெர்மன் தூதரகத்தில் தஞ்சம் புகுந்த கிழக்கு ஜெர்மனியர்களை ஏற்றிய ரயில்கள் ஹோஃபுக்கு வந்தன. அக்டோபர் 7 அன்று ப்ளாவனில் ஆயிரக்கணக்கானோர் கிழக்கு ஜெர்மன் அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். லைப்ஸிக்கின் பெரிய ஊர்வலம் அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான். ஆனால் பெயர் என்னவோ லைப்ஸிக்குக்கு.

இனி சாப்பாடு! யேகர்ஷ்னிட்சல் கேட்டால் மேற்கே இறைச்சி மேல் காளான் குழம்பு ஊற்றித் தருவார்கள். இங்கே வந்தது தடிமனான சாசேஜ் துண்டு, ரொட்டித்தூளில் பொரித்தது, பக்கத்தில் தக்காளிச் சாற்றில் குளித்த மக்ரோனி. கிழக்கு ஜெர்மனியின் பள்ளிக்கூடச் சாப்பாடாம். பத்து யூரோவுக்குள் வயிறு நிறைந்தது. இந்தப் பயணத்தில் வருத்தமில்லாமல் கொடுத்த ஒரே காசு அது.

எதிரே உட்கார்ந்த பாட்டி ஒரு லேஸ் ஆலையில் வேலை பார்த்தவர். "சுவர் விழுந்தபோது அழுதேன், சந்தோஷத்தில். அப்புறம் ஆலையையே மூடிவிட்டார்கள். மேற்கிலிருந்து வந்த மேலாளர், எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டே வந்தார்." ட்ராய்ஹாண்ட் என்ற அரசு நிறுவனம் கிழக்கின் 8,500 அரசு ஆலைகள், நிறுவனங்களைக் கையில் எடுத்து, 1994 முடிவதற்குள் பெரும்பாலானவற்றை விற்றது அல்லது மூடியது. அந்தக் காயம் ஆறவில்லை. மேற்கே ஸ்டுட்கார்ட்டில் ஒரு பெண் வழக்குப் போட்டார். அவருடைய வேலை விண்ணப்பம் 'ஓஸ்ஸி', அதாவது கிழக்கத்தியர் என்ற குறிப்போடும் ஒரு கழித்தல் குறியோடும் திரும்பி வந்திருந்தது. கிழக்கத்தியர்கள் தனி இனம் அல்ல, எனவே பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் பொருந்தாது என்று 2010-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. என்னைக் கேட்டால் அநியாயம்.

அதே பாட்டி அடுத்த வாயில், "அகதிகளுக்கு மட்டும் எல்லாம் கிடைக்கிறது" என்றார். என் முகத்தைப் பார்த்ததும், "உங்களைச் சொல்லவில்லை." மக்ரோனி கசந்தது. 2024 மாநிலத் தேர்தலில் துரிங்கியாவில், குடியேறிகளை எதிர்க்கும் தீவிர வலதுசாரி ஏஎஃப்டி கட்சி 32.8 சதவீத வாக்குகளோடு முதலிடம் பிடித்ததை யாரும் மறைக்க முடியாது. ஆனால் டாக்சிக்காரரின் அக்கறையும் எனக்கு வேண்டாம். வாடகைக்கு வீடு கேட்டபோது, என் பெயரைக் கேட்டதுமே "வீடு போய்விட்டது" என்று போனை வைத்தவர்கள் எல்லாம் மேற்கின் பணக்கார ம்யூனிக்கில்தான் இருந்தார்கள்.

லைப்ஸிக்கும் திட்டத்தில் இருந்தது. விடுமுறை வாரத்து அறை வாடகையைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே வீட்டுக்கு ரயிலேறிவிட்டேன்.